பழைய பொறியில் புதிய உறுப்பு

பழைய பொருளைப் போற்றுவோர் இருவகையினர். அது பிறந்தபடியே இருத்தல் வேண்டும், ஓர் ஆணியையும் மாற்றலாகாது என்பர் ஒரு சாரார். பயன்படாமற் கிடக்கும் பொருளால் என்ன பெருமை, இன்றைய தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வதே முறை என்பர் மற்றொரு சாரார். கோயில் திருப்பணியிலும் பழைய வீட்டைப் புதுக்குவதிலும் நாம் கேட்டுப் பழகிய இந்த வழக்கு, இன்று எதிர்பாராத ஓரிடத்திலும் எழுந்துள்ளது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துச் சிறுவர்கள் ஆடிய வீடியோ கேம் பொறிகளைப் பலரும் தேடி வாங்குகின்றனர், திறக்கின்றனர், உள்ளே புதிய உறுப்புகளைப் பொருத்துகின்றனர். மாணவர்களாகிய உங்களிற் சிலருக்கும் இவ்வேலையில் விருப்பம் இருக்கக்கூடும். ஒரே குறைக்கு நான்கு வழிகள் கூறப்படும்போது எதனைத் தேர்வது என்பதே இதில் கடினமான பகுதி. அதனைச் சிறிது ஆராய்வோம்.

ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் பொறியை வெளியிட்டது. அதுவே உருமாறி 1985-இல் 'நின்டெண்டோ எண்டர்டெயின்மெண்ட் சிஸ்டம்' என்ற பெயரோடு அமெரிக்காவை அடைந்தது. இரண்டுமாக ஆறு கோடிக்கு மேல் விற்றன. நம் நாட்டில் 1990-களில் பல வீடுகளிற் புகுந்த 'டி.வி. கேம்' பெட்டிகளுட் பல இதன் சாயலிற் செய்யப்பெற்றவையே. ஆட்டம் அடங்கிய பெட்டகத்தை நம் பிள்ளைகள் 'கேசட்' என்று வழங்கினர். நானும் அச்சொல்லையே ஆள்கின்றேன். ஜப்பானிலும் இப்பொறியின் உற்பத்தி 2003-இல் நின்றுவிட்டது. எனவே, ஒன்றைக் கெடுத்தால் உலகிலுள்ள எண்ணிக்கையில் ஒன்று குறையும். இதனை மனத்திற் கொண்டு திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

அமெரிக்கப் பொறியில் மிகப் பரவலான நோய் ஒன்று உண்டு. கேசட்டை முன்புறமாக உட்செலுத்திக் கீழே அழுத்துவது அதன் அமைப்பு. உள்ளே 72 உலோக ஊசிகள் கேசட்டின் விளிம்பைப் பற்றும். நாளடைவில் ஊசிகள் தளரும். அழுக்கும் களிம்பும் படியும். அப்போது ஆட்டம் தொடங்காமல் திரை விநாடிக்கு ஒருமுறை மின்னி மின்னி அணையும். சிறுவர்கள் கேசட்டை வெளியே எடுத்து அதன் வாயில் ஊதினர். சில வேளை பலித்தது. பெரும்பாலும் அது எடுத்து மீண்டும் செருகியதன் பயனே அன்றி ஊதியதன் பயன் அன்று. மூச்சின் ஈரம் உலோகத்தை அரித்ததுதான் மிச்சம். ஊதவேண்டா என்று அந்நிறுவனமே அறிவுறுத்தியது.

மின்னுவதற்கு நேரடியான காரணம் வேறு. பொறியினுள் ஒரு காவற் சில்லும், கேசட்டினுள் அதற்கு இணையான மற்றொரு சில்லும் உண்டு. பொறியை இயக்கியவுடன் இரண்டும் தமக்குள் மறைக்குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். தன் இசைவின்றிப் பிறர் கேசட் செய்து விற்பதைத் தடுக்க நிறுவனம் செய்த ஏற்பாடு இது. குறிப்பு ஒவ்வாவிடில் காவற் சில்லு பொறியை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே தள்ளும். ஊசிகள் தளர்ந்த நிலையில் உண்மையான கேசட்டின் விடையும் வந்து சேர்வதில்லை. காவற்காரன் வீட்டுக்காரனையே வாயிலில் நிறுத்திவிடுகிறான்!

அச்சில்லின் நான்காம் காலைப் பலகையினின்று பிரித்துவிட்டால் காவல் உறங்கிவிடும், மின்னலும் நிற்கும். இவ்வேலையைப் பலர் செய்துள்ளனர். சிலர் காலை வெட்டு இடுக்கியால் நறுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் பற்றாசை உருக்கி, காலை மெல்ல நிமிர்த்தி வைக்கின்றனர். பயன் இரண்டிலும் ஒன்றே. ஆனால் நிமிர்த்திய காலை நாளை மறுபடியும் அமர்த்தலாம். நறுக்கிய காலை என்ன செய்வது? ஐந்து நிமிடப் பொறுமை மிச்சம் பிடிப்பதற்காக மீளமுடியாத செயலைச் செய்வதை நான் திறமை என்று ஒப்பேன்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. காவற் சில்லை உறங்கவைத்ததால் ஊசிகள் தூய்மையாகிவிடவில்லை. முன்பு திரை மின்னிற்று. இப்போது சிதைந்த எழுத்தும் கலங்கிய உருவமும் தோன்றும். நோயின் குறியை மறைத்தோமே தவிர நோயைத் தீர்த்தோமில்லை. ஊசித் தொகுதியைக் கழற்றி, நீரிற் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்திப் பொருத்தினாலே பல பொறிகள் பிழைத்துக்கொள்கின்றன. கேசட்டின் விளிம்பை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைப்பதும் வேண்டும். இவை பலியாதபோதுதான் நான்காம் காலைப் பற்றி நினைக்க வேண்டும்.

இனி, படத்தின் தெளிவைப் பற்றிய திருத்தத்தைப் பார்ப்போம். எனக்கு இவ்வரலாறு முழுவதிலும் மிகுந்த சிந்தனையைத் தந்த பகுதி இதுவே.

இப்பொறியின் படச் சில்லு ஒளியையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் வெளியே அனுப்புகின்றது. பாலையும் நீரையும் பிரிக்க அன்னம் வேண்டும் என்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டி அன்னம் அன்று. ஆதலால் உருவங்களின் ஓரங்கள் மங்கி நிறம் வழிந்து தோன்றும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பினால் படம் கண்ணாடிபோல் தெளிவுறும். வேறு சில பொறிகளில் இம்மூன்றும் உள்ளே தனியாகவே இருக்கும்; ஒரு கம்பியை இணைத்து வெளிக்கொணர்தல் எளிது. இதிலோ சில்லுக்குள்ளேயே கலவையாகத்தான் படம் பிறக்கின்றது. வெளியே எடுக்கத் தனி நிறம் என்று ஒன்று இல்லை.

அதே நிறுவனம் 1986-இல், காசு போட்டு ஆடும் கடைகளுக்கென்று 'பிளேசாய்ஸ் 10' என்ற பெரும் பொறியைச் செய்தது. அதன் படச் சில்லு நிறங்களைப் பிரித்தே தரும். அதனைப் பெயர்த்து வீட்டுப் பொறியில் வைத்தால் படம் தெளிவாகும் என்று ஆர்வலர் கண்டறிந்தனர். கண்டறிந்தது கூர்த்த மதிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கடைப் பொறியின் பலகை ஊமையாயிற்று. ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து மற்றொரு வீட்டுக்கு வேய்வது போலாயிற்று. போதாதற்கு, அச்சில்லு காட்டும் நிறங்களும் வீட்டுப் பொறியின் நிறங்களினின்று சற்றே வேறுபட்டன. தெளிவு கிட்டியது, முன்பு கண்ட அதே வானமும் அதே செங்கல்லும் கிட்டவில்லை.

பின்னர் வந்தது இதனினும் நேர்த்தியான முறை. படச் சில்லைக் கழற்றி ஒரு சிறு பலகையின் மேல் அமர்த்தி, அப்பலகையைச் சில்லு இருந்த இடத்திலே பொருத்துகின்றனர். சில்லுக்கு வரும் செய்திகளை அப்பலகை உடனிருந்து கேட்டு, அதே படத்தைத் தானும் தீட்டி, நிறம் பிரித்து வெளியே தருகின்றது. பழைய சில்லு உயிரோடு இருக்கின்றது. வேறெந்தப் பொறியும் மடிவதில்லை. ஆனால் சில்லுக்குக் கால்கள் 40. அத்தனையிலும் பற்றாசை முழுதும் உறிஞ்சி எடுத்த பிறகே அது வெளிவரும். சூடு மிகுந்தாலோ, பொறுமையிழந்து நெம்பினாலோ, பலகையின் மெல்லிய செப்புக் கோடு தோல் உரிவதுபோல் எழுந்துவிடும். பழகிய கைக்கு இஃது எளிது. முதன்முதலாகச் சால்டரிங் அயன் பிடிக்கும் மாணவனுக்கு அன்று.

பொறியைத் திறக்காமலே செய்யத்தக்க வழியும் ஒன்று உண்டு. பழைய குறிப்பலையை வாங்கி, இன்றைய எச்.டி.எம்.ஐ. வழிக்கு மாற்றித் தரும் சிறு பெட்டிகள் விற்கின்றன. நல்லவை வரிக்கு வரி மாற்றுவதால் தாமதம் உணரப்படாது. மலிவானவை ஒவ்வொரு படத்தையும் சற்று நிறுத்திவைத்து அனுப்புவதால், பொத்தானை அழுத்தியதற்கும் உருவம் குதிப்பதற்கும் இடையே தொய்வு தோன்றும். கலந்ததைப் பிரிப்பதில் இவை உள்ளே வைக்கும் பலகைக்கு ஈடாகா. ஆயினும், விருப்பம் மாறினால் கம்பியை உருவிவிடலாம். பொறி பழைய பொறியாகவே நிற்கும். மாணவர்க்கு நான் முதலிற் சொல்வது இதையே. ஜப்பானியப் பொறியின் முதல் வடிவம் மட்டும் இதற்கு விலக்கு. அது தொலைக்காட்சி அலைவரிசை வழியாகவே படம் அனுப்புவதால், உள்ளே சிறியதொரு திருத்தமேனும் செய்யாமல் நல்ல படம் பெறுதல் அரிது.

எந்த வழியாயினும், பெறுவதோடு இழப்பதையும் கணக்கிட வேண்டும். வாத்துகளைச் சுடும் 'டக் ஹண்ட்' ஆட்டத்தின் துப்பாக்கியைப் பாருங்கள். விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் ஒரு வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணர்வி அக்கட்டத்தின் ஒளியை உரிய நேரத்திற் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் வேகத்தையும் மினுக்கத்தையும் நம்பி அமைந்த ஏற்பாடு இது. இன்றைய தட்டைத் திரையில் அந்த ஒளி காலந்தாழ்ந்து வருகின்றது, துப்பாக்கி குருடாகிவிடுகின்றது. எவ்வளவு விலையுயர்ந்த பலகையைப் பொறியில் வைத்தாலும் இதற்கு மருந்தாகாது. அந்த ஆட்டத்தை விரும்புவோர் பரணிலுள்ள பழைய தொலைக்காட்சியை எடைக்குப் போட்டுவிடாதிருப்பது நன்று.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் பொறியின் கதை வேறு. புறத்தோற்றத்தில் விளையாட்டுப் பொறி; உள்ளே ஒரு கணினி. அதனைத் திருத்துமுன் செய்ய வேண்டியது, ஒன்றைச் சேர்ப்பதன்று, ஒன்றை நீக்குவது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தைச் சில மணி நேரம் ஓட்டுவதற்கென ஒரு மின்தேக்கி அதில் உள்ளது. 1.0 முதல் 1.5 வரையுள்ள பலகைகளில் அது நாளடைவில் நீர்மத்தைக் கசியவிட்டு அருகிலுள்ள செப்புக் கோடுகளை அரிக்கின்றது. அதனை எடுத்துவிட்டுத் துடைத்துவைத்தால் பொறிக்கு ஊறில்லை; மின்கம்பியைப் பிடுங்கியபின் நேரத்தை மீண்டும் குறிக்க வேண்டும், அவ்வளவே. 1990-இல் வந்த சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' என்னும் கைப்பொறியிலும் மின்தேக்கிக் கசிவே பெரும் பகை. ஒலி குன்றி, திரை மங்கிய கைப்பொறிக்குப் புதுத் திரை வாங்கப் பணம் செலவிடுவோர், முதலில் மின்தேக்கிகளை மாற்றிப் பார்ப்பதே சரி.

எக்ஸ்பாக்ஸில் பழுதடைந்த வன்தட்டை மாற்ற விரும்பினால் ஓர் இடர் எதிர்ப்படும். வன்தட்டு ஒரு மறைச்சொல்லாற் பூட்டப்பட்டுள்ளது. அதன் திறவுகோல் அந்தந்தப் பொறியின் சிறு நினைவுச் சில்லில் உள்ளது. எனவே அச்சில்லின் செய்தியைப் படியெடுத்து வைத்த பிறகே மற்ற வேலை. அதற்குமேல் மூன்று வழிகள் கூறுவர். சில ஆட்டங்களின் சேமிப்புக் கோப்பிலுள்ள ஓட்டையின் வழியே மென்பொருளால் மட்டும் மாற்றுவது முதல் வழி; பற்றாசு வேண்டா, ஆனால் மாற்றம் வன்தட்டிலேயே தங்குவதால் தட்டுக் கெட்டால் அதுவும் போயிற்று. பொறியின் தொடக்கச் சில்லையே அழித்து எழுதுவது இரண்டாவது. அதற்குப் பலகையில் இரண்டு இடங்களில் பற்றாசு இட வேண்டும். செலவு இல்லை, உறுதியும் உண்டு, ஆனால் எழுதும்போது மின்சாரம் நின்றால் பொறி எழுந்திராது. 1.6 எண்ணுடைய பலகையில் இது இயலவே இயலாது. தனிச் சில்லு ஒன்றைப் பக்கத்திற் பொருத்துவது மூன்றாவது வழி. செலவு மிகுதி, எனினும் பழைய தொடக்கச் சில்லு தொடப்படாமல் இருக்கின்றது, வேண்டாதபோது புதியதை அணைத்துவிடலாம். பற்றாசு பட்டதெல்லாம் மீளாது என்றும், மென்பொருள் எல்லாம் மீளும் என்றும் எண்ணுவோர் இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். 2012-இல் திருத்தப்பெற்ற நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஏ பிரிவின்படி, பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பு ஏற்பாட்டை உடைப்பவர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. பழுது பார்ப்பது வேறு. காசு கொடாமல் ஆட்டங்களைக் குவிப்பது வேறு.

வெளிநாட்டுப் பொறியை நம் சுவரிற் செருகுமுன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அமெரிக்க நின்டெண்டோவின் மின்மாற்றி தருவது மாறுமின். ஜப்பானியப் பொறி ஏற்பது நேர்மின். செருகி பொருந்துகின்றதே என்று அமெரிக்கப் பொறியின் மாற்றியை ஜப்பானியப் பொறிக்கு இட்டால் பொறி கருகிவிடும். எக்ஸ்பாக்ஸில் மின்வழங்கும் பகுதி பெட்டிக்குள்ளேயே இருப்பதால், கம்பியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அதனைத் தொடலாகாது. பற்றாசு வேலையை முதலில் குப்பைக்குப் போகவிருக்கும் பழைய ரேடியோப் பலகையிற் பழகுங்கள். ஓர் அமர்வில் ஒரு திருத்தமே செய்து, பொறியை இயக்கிப் பார்த்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் செல்லும்.

கழற்றிய உறுப்புகளை எறிந்துவிட வேண்டா. ஒரு சிறு உறையிலிட்டு, எந்தத் தேதியில் எந்தக் கால் நிமிர்த்தப்பட்டது, எந்தக் கம்பி எங்கே இணைக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பொறியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். இருபது ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் வேறொருவராக இருக்கக்கூடும்.