காலைப் பந்தி

(வாலாஜாபேட்டையில் விழா நாளன்று மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)



பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது நம் இல்லங்களின் மரபு. ஆயினும் இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் பணிக்குச் செல்வோர் கதிரவன் மறையுமுன் வீடு திரும்புதல் அரிது. சென்ற இடத்திலேயே உண்டுவிடுகின்றனர். ஆகவே, குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமரக்கூடியது இன்று காலைப் பந்தி ஒன்றே.

அதனைக் காக்க எங்கள் வீட்டில் துணைநிற்பது, பழைய பொருள் கடையில் வாங்கிய கிரைண்டர். 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பி. சபாபதி அவர்கள் ஆட்டுக்கல்லுக்கு மின்விசை பூட்டியதன் வழிவந்தது அது. பெல்ட்டை மாற்றியதும் ஓடிற்று. புதியது வாங்க வசதியிருந்தும் பழையதைப் பயன்கொள்வது, மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கு இசைந்ததே.

பொழுது விடிந்தபின், கல்லிடுக்கில் சிற்றுயிர் உளதோ எனப் பார்த்து, மென்துணியால் துடைத்த பின்னரே ஆட்டுகிறோம். திரிகை சுற்றிய பாட்டியார் கற்பித்த வழக்கம் இது. அடை மாவு புளிக்க வேண்டியதில்லை, ஆட்டியவுடன் வார்க்கலாம். வெங்காயமின்றி மிளகும் சீரகமும் தேங்காயும் சேர்ந்த அந்த மணத்தில் பாட்டியாரின் கைப்பக்குவம் நினைவுக்கு வருகிறது. அழைக்காமலே பிள்ளைகள் வந்து அமர்கின்றனர்.

உங்கள் வீட்டு மூலையில் ஓடாதிருக்கும் கிரைண்டர் இருப்பின், பழுது நீக்கி, புதுக்குடித்தனம் தொடங்கும் ஓர் இல்லத்திற்கு அளியுங்கள். அவ்வீட்டின் காலைப் பந்திக்குச் செய்யும் தானம் அது.

அறம் வளர்க.