ஓடுகிற டிராக்டர் நின்றால் எதை முதலில் பார்ப்பது?

மேல்சித்தாமூர், செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை போட உழுகிற நேரத்தில், பாதி வயலில் டிராக்டர் நின்றுபோனால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஈரம் காய்வதற்குள் உழவு முடியணும். பட்டம் தப்பினால் நட்டம் என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

இந்த அவசரத்தில்தான் பலபேர் காசை இழக்கிறார்கள். வண்டி நிற்கிறது, மீட்டர் போர்டில் விளக்கு எரிகிறது, கூடவே ஒரு எண் வருகிறது. அந்த எண் எந்தச் சென்சாருக்கு உரியதோ அதை வாங்கி மாட்டுகிறார்கள். மறுநாள் வண்டி அதேபோல நிற்கிறது. ஏன் இப்படி ஆகிறது, எதை முதலில் பார்க்கவேண்டும் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

பழைய எஞ்சினில் டீசலும் காற்றும் சரியாக இருந்தால் வண்டி ஓடும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் நான்கு என்ற புகை விதி வந்திருக்கிறது. அந்த விதிக்காக வந்த எஞ்சின்களில் எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதை ஈ.சி.எம். என்கிற பெட்டி முடிவு செய்கிறது. அந்தப் பெட்டிக்குச் சேதி சொல்கிறவைதான் சென்சார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான்.

எண் என்ன சொல்கிறது?

மல்லாட்டை இலை மஞ்சளானால் உடனே யூரியா போட்டுவிடலாமா? தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும், இரும்புச் சத்து குறைந்தாலும் மஞ்சளாகும். சென்சார் எண்ணும் அந்த மஞ்சள் மாதிரிதான். கோளாறு எங்கே தெரிகிறது என்று காட்டும்; எதனால் வந்தது என்று காட்டாது.

பல டிராக்டர்களில் இரண்டு எண்கள் சேர்ந்து வரும். முதல் எண் இடத்தைச் சொல்லும். இரண்டாவது எண் கோளாறின் வகையைச் சொல்லும். 157, 18 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 157 என்பது டீசல் ரெயில் குழாயின் அழுத்தம். 18 என்றால் அது இருக்கவேண்டிய அளவைவிடக் குறைவு. இங்கே சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. டீசல் சரியாக வந்து சேரவில்லை. சென்சாரை மாற்றினால் டீசல் வந்துவிடுமா? அதே 157-உடன் இரண்டாவது எண் 3, 4, 5 என்று வந்தால் சங்கதி வேறு. அது மின்சாரக் கோளாறு. ஒயர், கனெக்டர், சென்சார் மூன்றில் ஒன்று. ஆகவே இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். எழுதுவதற்கு முன்னே யாரையும் எண்ணை அழிக்க விடாதீர்கள்.

எப்படி நின்றது?

அடுத்து, வண்டி நின்ற விதத்தைக் கவனியுங்கள். இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றால் முதலில் டீசல் வழியைப் பாருங்கள். சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் முதலில் மின்சார வழியைப் பாருங்கள்.

டீசல் வழியில் முதல் எதிரி தண்ணீர். டிரம்மில் வாங்கி வைத்த டீசலில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரைமணி வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே தங்கிவிடும். அடுத்தது ஃபில்டர் அடைப்பு. அதற்கடுத்தது டாங்கி மூடியிலுள்ள காற்று ஓட்டை. சேறும் தூசியும் அதை அடைத்தால் அரைமணி, முக்கால் மணி ஓடிவிட்டு வண்டி நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டியும் கிளம்பினால் கோளாறு அந்த மூடியில்தான்.

மூடியைத் திறந்தும் கிளம்பாமல், சூடு ஆறினபிறகு மட்டும் கிளம்பினால், எஞ்சின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்லும் கிராங்க் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகப்படலாம்.

மின்சார வழியில் பேட்டரி முனையிலிருந்து தொடங்குங்கள். பச்சை பூத்திருக்கிறதா, முனை ஆடுகிறதா, எர்த் ஒயர் எஞ்சினில் இறுக்கமாக இருக்கிறதா? ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டியே குழம்பிப்போகும். பிறகு ஒயர்க்கட்டைப் பாருங்கள். வைக்கோல்போர் பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் எலி கடிக்காத ஒயர் அபூர்வம். சேற்று உழவில் தெறித்த சேறு கனெக்டருக்குள் போயிருக்கும். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, கனெக்டரைப் பிரித்துத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து சென்சாருக்கு எண் வந்தால் நாலைந்தும் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் ஒயரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே புகார் சொல்லும்.

இவற்றைச் செய்யவே கூடாது

பழைய எஞ்சினில் ஓடும்போதே நாசில் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது நமக்குப் பழக்கம். புது எஞ்சினில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்று வீட்டில் இருக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று, டிராக்டரோடு மாட்டிய டிரெய்லருக்கோ கொக்கிக்கோ வெல்டிங் வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈ.சி.எம். பெட்டி போய்விடக்கூடும், அது சின்னச் செலவில்லை.

சிவப்பு விளக்கு வந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். மஞ்சள் விளக்கு என்றால் பாரத்தைக் குறைத்துக் கொட்டகைக்குக் கொண்டுவரலாம். வாரண்டி உள்ள வண்டியில் ஒயரை நீங்களாக வெட்ட வேண்டாம்.

டூல் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வந்த எண், மணி மீட்டர் காட்டியது, எவ்வளவு நேரம் ஓடி நின்றது, திணறி நின்றதா சட்டென்று நின்றதா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது, கடைசியாக டீசல் எங்கே பிடித்தது என்ற ஆறு சங்கதிகளை எழுதுங்கள். மெக்கானிக்கிடம் 'வண்டி நிற்குதுப்பா' என்று மட்டும் சொல்வதைவிட இந்த நோட்டைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டீசல், காற்று, பேட்டரி, ஒயர் எல்லாம் பார்த்தபிறகும் கோளாறு தீரவில்லையென்றால், மெக்கானிக் மீட்டர் வைத்துச் சோதித்துச் சொன்னபிறகே சென்சாரை மாற்றுங்கள். ரிப்பேர் நாளாகும் என்று தெரிந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகை டிராக்டர் கிடைக்குமா என்று உடனே விசாரியுங்கள். வண்டி காத்திருக்கும், பட்டம் காத்திருக்காது.