செய்தியும் சான்றும்

(நம் சங்கத்தின் மயிலாப்பூர் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தியாகராய நகரில் வசிக்கும் நம் அங்கத்தினராகிய பெரியவர் ஒருவர் சென்ற மாதம் என்னை நோக்கி, "பண்டிதரே, இந்த வயதில் நாலு பத்திரிகை வாங்கிப் படிக்க என்னால் இயலாது. பாரபட்சமில்லாத பத்திரிகை ஒன்றன் பெயரைச் சொல்லும், அதையே நம்பிப் படிப்பேன்" என்றார். அவருக்கு ஒரே பெயரில் விடை கூற இயலாமையால் இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டேன்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதியை நினைவுகூருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, முதல் நாள் இரவு அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளை மூழ்கடித்தது. மறைமலைநகரிலுள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர் சென்று சேர இயலாமையால், 1878 முதல் இந்நகரில் வெளிவந்துகொண்டிருந்த 'ஹிந்து' பத்திரிகை அன்று சென்னையில் அச்சாகவில்லை. செய்தி மிக வேண்டியிருந்த நாளில் பத்திரிகை வரவில்லை; வதந்தியோ தவறாமல் வந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் திரிகின்றன என்பது ஒன்று. சென்னை மூழ்கப்போகிறதென்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் எச்சரித்துள்ளது என்பது மற்றொன்று. வடநெம்மேலிப் பண்ணையார் தம் முதலைகள் யாவும் பத்திரமாக இருப்பதாக அறிவித்தனர். நாசா அத்தகைய எச்சரிக்கை எதனையும் விடுக்கவில்லை.

சர்க்கார் கூறுவதை மட்டும் நம்புவோம் என்பீராயின், அவ்வெள்ளக் காலத்திலேயே நிகழ்ந்த மற்றொன்றையும் கேளுங்கள். பிரதமர் ஆகாயத்திலிருந்து வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தில், சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியை ஒட்டுவேலையால் மாற்றி, மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே வெளியிட்டது. கண்டனம் எழுந்தபின் அதை நீக்கி வருத்தமும் தெரிவித்தது. ஆதலின் முத்திரையைக் கண்டவுடன் ஆராய்ச்சியைக் கைவிடுதல் தகாது.

உண்மையை அறியும் அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்று என்று நம் முன்னோர் கூறினர். பத்திரிகையைக் கையிலெடுத்தவுடன் இம்மூன்றையும் அதன் மேல் வைத்துப் பாருங்கள். நிருபர் நேரே கண்டு எழுதினாரா? கண்டவற்றிலிருந்து ஊகித்தாரா? பிறர் கூறக் கேட்டு எழுதினாரா? பிறர் எனின், அவர் யார்? "வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்று மட்டும் இருக்குமாயின், அவ்வட்டாரத்துக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. காண்டல் என்றாலும் இக்காலத்தில் எச்சரிக்கை வேண்டும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்று சில படக்காட்சிகள் வடநாடெங்கும் பரவின. அவை தொடர்பற்ற வேறு சச்சரவுகளின் படங்கள் என்று நம் போலீஸ் தலைவர் மறுத்துரைக்க வேண்டியதாயிற்று. கண்ணாற் கண்டது மெய்யே; எங்கே, என்று எடுத்த படம் என்பதன்றோ பொய்!

திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தை நாம் அரசர்க்கு உரியதென்று ஒதுக்கிவிடுகிறோம். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டுமென்றும், மூவர் சொல் ஒத்தால் தெளியலாமென்றும் அதில் வள்ளுவர் விதித்தார். அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. அவ்வொற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளவேண்டும் என்பது அது. அறிவாராயின் மூவர் சொல்லும் ஒருவர் சொல்லேயாகும். இரண்டு தினசரிகளில் ஒரு சமாசாரம் ஒரே வாக்கியத்தில் வந்திருந்தால், தலைப்பின் கீழே பி.டி.ஐ. என்றிருக்கிறதா என்று பாருங்கள். இருக்குமாயின் சாட்சி இரண்டன்று, ஒன்றே.

ஏட்டுச் சுவடி பார்த்தவர்க்கு இது புதிதன்று. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது ஊர் ஊராகப் பிரதி தேடியது எண்ணிக்கைக்காகவா? ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் பிரதியில் ஒரே பிழை இருந்தால் அது பத்து முறை மெய்யாகிவிடாது. பெசன்ட் நகரில் அவர் பெயரால் உள்ள நூல்நிலையத்துக்கு நம் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பாடபேதம் இன்னதென்று கண்டால் செய்தித்தாள் படிக்கவும் கற்பார்கள்.

ஒரு பொய் ஐம்பது கைபேசிகளில் ஐம்பது சாட்சிகளாக நின்ற கதையை, வருந்தியேனும், சொல்லியாக வேண்டும். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைக் குடும்பத்தார் சிலர் குலதெய்வக் கோயிலை நாடித் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம் காரிற் சென்றனர். வழி விசாரித்தனர், எதிர்ப்பட்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்னும் செய்தி முன்பே அப்பக்கத்தில் வாட்ஸாப் வாயிலாகப் பரவியிருந்தது. ஊரார் கூடி அடித்தனர். 65 வயது மூதாட்டியார் ஒருவர் உயிர் நீத்தார். உடன் சென்றோர் படுகாயமுற்றனர். அவ்வாண்டு இந்தியாவில் பல இடங்களில் இத்தகைய கொலைகள் நிகழவே, ஜூலை மாதத்தில் வாட்ஸாப் நிறுவனத்தார் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவொண்ணாதபடி வரையறுத்தனர்.

நாமும் ஆண்டுதோறும் குலதெய்வத்துக்குப் பொங்கலிடச் செல்பவர்களே. அடித்தவர்களும் கொடியோராகப் பிறந்தவர் அல்லர். தம் பிள்ளைகளுக்காக அஞ்சியவர்கள். அச்செய்தியை அனுப்பியோருள் பலர், "எதற்கும் இருக்கட்டும், நாலு பேருக்கு உதவும்" என்று எண்ணியே அனுப்பியிருப்பர். நம் சங்கத்துக் குழுவிலும் நாள்தோறும் இவ்வெண்ணத்தோடு எத்தனை வருகின்றன!

இனி நடுநிலைமையைப் பற்றிச் சிறிது. பாரபட்சம் வேறு, பொய் வேறு. தி. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் எதிர்த்தபோது, அவர் பக்கம் நின்று வாதாடவே ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட இளைஞர் அறுவர் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டு 'ஹிந்து'வைத் தொடங்கினர். பிறந்தபோதே அது ஒரு பக்கத்தைச் சார்ந்தது. 'விடுதலை', 'முரசொலி', 'தீக்கதிர்' என்பன தம் கொடியை மறைப்பதில்லை. இன்னாருடைய பத்திரிகை என்று அறிந்து படிப்பவன் ஏமாறுவதில்லை. நடுநிலைப் போர்வை போர்த்துத் தன் முதலாளியின் காரியத்தைப் பார்க்கும் பத்திரிகைக்கே நான் அஞ்சுகிறேன். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிடுவோர், வெளியிடுவோர், ஆசிரியர் பெயர்கள் பொடியெழுத்தில் இருக்கும். திரைப்பட விளம்பரத்தைப் படிக்கும் ஊக்கத்தில் பாதியை அதற்குத் தந்தால் போதும்.

திருத்தம் வெளியிடுகிறதா என்பதையும் கவனியுங்கள். 'ஹிந்து' 2006-இல் வாசகர் குறைகளை விசாரிக்கத் தனியே ஓர் ஆசிரியரை நியமித்தது. திருத்தங்களைக் கண்டு, "இதில் இத்தனை தவறா!" என்று சிலர் இகழ்கின்றனர். பிழைதிருத்தம் இல்லாத நூல் பிழையற்ற நூல் என்று எண்ணுவோர் அச்சுக்கூடத்தின் பக்கம் போகாதவரே. கைபேசி வதந்திக்கு என்றேனும் திருத்தம் வந்ததுண்டா?

ஒன்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். நம் குலத்தைப் பழிக்கும் செய்தி வந்தால் ஆயிரம் ஆதாரம் கேட்கிறோம். இன்ன அரசர் நம் குலத்தவர் எனக் கல்வெட்டே கூறுகிறது என்று வந்தாலோ, கண்ணை மூடிக்கொண்டு பரப்புகிறோம். எந்தக் கோயில் கல்வெட்டு, தொல்லியல் துறையார் வெளியிட்ட எந்தத் தொகுதி, எத்தனையாவது எண் என்று கேட்பவன் குலத்துரோகியா? பிற சாதியார் மேல் பழி சுமத்தும் செய்தியிலும் இக்கேள்வி இரட்டித்து எழவேண்டும். அங்கே பொய்யின் விலை உயிராக இருக்கக்கூடும்.

பெரியவருக்கு என் விடை இது: ஒரு பத்திரிகையை முற்றும் நம்ப வேண்டாம், எதிரெதிர்ச் சார்புள்ள இரண்டைப் பாருங்கள். இரண்டும் ஒத்துக்கொள்ளும் நிகழ்ச்சியை ஏற்று, வேறுபடும் இடத்தில் பொறுத்திருங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பருவ இதழ்ப் பகுதியில் அமர்ந்து படிக்கலாம். மழை, புயல் என்றால் நுங்கம்பாக்கத்து வானிலை நிலையத்தின் அறிக்கையை நேரே காணுங்கள். தீர்ப்பு என்றால் தீர்ப்பின் வாசகத்தையே பாருங்கள். மூலம் இருக்க உரைக்கு உரை எதற்கு?

காரியதரிசி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐப்பசி மழைக்கு முன்பே நம் வாட்ஸாப் குழுவுக்கு மேற்பார்வையாளர் இருவரை நியமித்தல் வேண்டும். ஒருவர் முதியவராகவும், ஒருவர் கல்லூரியிற் படிக்கும் பெண்ணாகவும் இருத்தல் நலம். ஊர், தேதி, சொன்னவர் பெயர் ஆகிய மூன்றும் இல்லாத செய்தியை அவர்கள் நீக்கிவிடட்டும். அனுப்பியவர் சங்கத் தலைவரே ஆயினும் சரியே. இதைத் தீர்மானமாகக் கொணர்ந்தால் நான் வழிமொழிகிறேன்.