உட்காரக் கேட்ட பெண்கள்



திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருப்பவர்களுக்குப் பௌர்ணமிக் கூட்டம் புதிதல்ல. 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறவர்கள் கால் வலித்தால் ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். ஏன் உட்கார்ந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை. புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே கால் மாற்றிக் கால் நிற்பாள். வந்தவர்கள் நகர்ந்ததும் அலமாரியில் ஒரு நொடி முதுகைச் சாய்ப்பாள். கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள். பிறகு காலில் நரம்பு சுருண்டு புடைத்து நிற்கும்.

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி ‘பெண்கூட்டு’ என்று கடைப் பெண்களைத் திரட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் திருத்தியது. ஒரு நாற்காலிக்கு இத்தனை போராட்டம்!

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், புற்றுநோயோடு வாழ்ந்தபடி எழுதிய குறிப்புகள் 1988-இல் நூலாக வந்தன. தன் உடம்பைப் பேணுவதையே அவர் அரசியல் போராட்டமாகக் கண்டார். இவள் உழைக்கப் பிறந்தவள், எதையும் தாங்குவாள் என்று ஊரே ஒருத்தியைப் பற்றித் தீர்மானித்துவிட்டால், அவள் ஓய்வு கேட்பதுகூடக் கலகம்தான். நம் சேரிப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில் மேற்பார்வையாளர்களின் வசவையும் அத்துமீறலையும் தாங்கிய தலித் பெண்கள், தாங்கள் முன்னின்று நடத்தும் சங்கத்தின் வழியாக 2022 ஏப்ரலில் அதைத் தடுக்க ஓர் ஒப்பந்தத்தையே வாங்கினார்கள். தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். தனியாகச் சொன்னால் ‘திமிர் பிடித்தவள்’ என்பார்கள். அதனால்தான் சேர்ந்து சொன்னார்கள்.

வீட்டிலேயே முதல் பட்டதாரிகளாக இந்தப் பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்திருக்கும் பெண்களே, உங்களுக்கும் ‘இவள் பார்த்துக்கொள்வாள்’ என்று பெயர் வைப்பார்கள். அலுவலகத்தில் மிச்ச வேலை உங்கள் மேசைக்கு வரும், வீட்டில் தம்பியின் கட்டணமும் உங்கள் தலையில் விழும். முடிந்ததைச் செய்யுங்கள். முடியாததை முதல் மாதமே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் சுமந்துவிட்டு இறக்கி வைத்தால் மாறிவிட்டாள் என்பார்கள். வேலைக்குச் சேரும் அன்றே, பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அது இருந்தே ஆகவேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

பெற்றோரிடமும் அண்ணன் தம்பிகளிடமும் ஒரு வேண்டுகோள். 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள், அதைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். உங்கள் பெண் முதல் சம்பளம் வாங்கும் மாதத்திலிருந்து சமையலறையில் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தூங்கினால் எழுப்பாதீர்கள்.