பாலு மகேந்திரா: சின்னத்திரை சின்ன வேலை இல்லை

கோலியனூர் கூட்டுரோடு பக்கத்துல இருந்து பேசறேன். பின்னாடி பாண்டிச்சேரி பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

நம்ம பக்கத்துல ஷார்ட் ஃபிலிம் எடுக்கிற பசங்க நிறைய பேர் கேக்கறது ஒண்ணுதான்: “டிவிக்கோ வெப் சீரிஸுக்கோ போனா, சினிமாக்காரன்னு மதிப்பாங்களா?” இதுக்கு என்கிட்ட இருக்கிற பதில் ஒரு ஆளோட பேரு. பாலு மகேந்திரா.

1939-ல மட்டக்களப்புல பிறந்தவர். பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லீன், ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தை இலங்கையிலதான் எடுத்தாரு. பள்ளிச் சுற்றுலா போன இடத்துல அந்த ஷூட்டிங்கைப் பார்த்திருக்கான் இந்தப் பையன். லீன் “மழை”ன்னு கத்தினதும் மழை கொட்டுச்சாம். அன்னைக்கே டைரக்டர் ஆகணும்னு முடிவு பண்ணேன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு.

ஆனா பூனா இன்ஸ்டிட்யூட்ல அவருக்குக் கிடைச்சது ஒளிப்பதிவு சீட்டு. சரி, அதையே படிப்போம்னு படிச்சாரு. 1969-ல தங்கப் பதக்கத்தோட வெளிய வந்தாரு. மலையாளத்துல ‘நெல்லு’க்கு கேமரா, 1977-ல கன்னடத்துல ‘கோகிலா’தான் முதல் இயக்கம். 1982-ல ‘மூன்றாம் பிறை’. அதையே இந்தியில ‘சத்மா’வா எடுத்தாரு.

அதுக்கப்புறம் 1988-ல ‘வீடு’. பாட்டே கிடையாது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும், சொந்தமா ஒரு வீடு கட்ட அல்லாடுற பொண்ணோட கதை. கான்ட்ராக்டர் ஏமாத்துறான், சிமென்ட் திருட்டு போகுது, கடைசியில மனையிலேயே வில்லங்கம். விழுப்புரம் ரோட்டு ஓரம் கல்லு நட்டுக் கொடி கட்டின பிளாட்டுங்களைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

தேசிய விருதெல்லாம் வாங்கின இந்த மனுஷன்தான் 2000-ஐ ஒட்டி சன் டிவிக்குப் போய் ‘கதை நேரம்’ பண்ணாரு. சுஜாதா, மாலன்னு நம்ம எழுத்தாளர்களோட சிறுகதைகளை எடுத்து, அரை மணி நேரத்துக்குள்ள ஒரு கதையைச் சொல்லி முடிச்சாரு. பெரிய செட் இல்ல, பெரிய நடிகர்கள் இல்ல. ஒரு வீடு, ரெண்டு மூணு பேரு, ஜன்னல் வெளிச்சம். இன்னைக்கு நாம கொண்டாடுற வெற்றிமாறன் அவர்கிட்ட உதவியாளரா வேலை கத்துக்கிட்டது அந்தத் தொடர் காலத்துலதான். பாலா, ராம், சீனு ராமசாமின்னு அவர்கிட்ட இருந்து வந்தவங்க பட்டியல் பெருசு.

இதுல ஒரு வலியும் இருக்கு. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ரெண்டுக்கும் நெகட்டிவ் அழிஞ்சு போச்சுன்னு அவரே வெளிப்படையா வருத்தப்பட்டிருக்காரு. நம்ம படங்களைப் பாதுகாக்க ஒரு காப்பகம் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. 2013-ல ‘தலைமுறைகள்’ எடுத்து, அதுல நடிக்கவும் செஞ்சாரு. அடுத்த வருஷம் பிப்ரவரி 13-ல போயிட்டாரு.

அதனால தம்பிங்களா, தங்கச்சிங்களா, எந்தத் திரைன்னு யோசிச்சு நிக்காதீங்க. உங்க தெருவுல இருக்கிற ஒரு கதையை அரை மணி நேரத்துல சொல்ல முடியுதான்னு பாருங்க. எடுத்ததை ரெண்டு ஹார்டு டிஸ்க்ல போட்டு, ஒண்ணை வேற ஒருத்தர் வீட்டுல வைங்க. தேசிய விருது வாங்கின படத்துக்கே நெகட்டிவ் மிஞ்சல. உங்க போன்ல இருக்கிறதுக்கு யாரு காவல்?

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.