ஒட்டுப்பால் உரிக்கும் கையும் டின் வீசும் கையும்



பயன்படுத்திய பொருள்களைக் குப்பையில் எறியாமல் மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவதே மறுபயனீடு. அது நல்லதா என்று கேட்டால், நல்லதே என்று எல்லாரும் விடையிறுப்போம். ஆயினும் பழைய செய்தித்தாளும் பால் டின்னும் எண்ணெய்ப் போத்தலும் லயத்துக்குப் பின்னாலுள்ள குழியில்தான் போய்ச் சேருகின்றன. நல்லது என்று அறிந்தும் ஏன் செய்வதில்லை? எது அமைந்தால் செய்யத் தொடங்குகிறோம்?

இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலையும் மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் மரத்திலேயே விட்டு வருவார் உண்டா? உரித்தெடுத்து, சாக்கிலிட்டு, எடை போடும் இடத்துக்குச் சுமந்து வருகிறோம். அதற்கு விலையுண்டு, கொண்டு சேர்க்க ஓர் இடமுண்டு, பக்கத்து நிரைக்காரரும் அதையே செய்கிறார். ஆகையால் எவரும் மேடையேறி நமக்கு அறிவுரை கூற வேண்டியிருக்கவில்லை. காலையில் ஒட்டுப்பாலை உரித்த அதே கை மாலையில் டின்னை வீசுகிறதென்றால், டின்னுக்கு அத்தகைய ஏற்பாடு ஒன்றும் இல்லாமையே காரணம் என்பது நம் கருத்து.

நாட்டின் பட்டறிவும் இதையே காட்டுகிறது. மலேசியாவில் மறுபயனீட்டு இயக்கம் 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மக்கள் ஆதரவு போதாமல் அது தளர்ந்தது; 2000ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கப்பெற்றது. சுவரொட்டிகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் 2012இல் நாட்டின் மறுபயனீட்டு விகிதம் 10.5 விழுக்காடே. 2015 செப்டம்பர் முதல், திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், குப்பையை வீட்டிலேயே பிரித்து வைப்பது கட்டாயமாயிற்று. பிரித்த பொருள்களை எடுத்துச் செல்ல வாரம் ஒரு நாள் தனியே லாரி வரும் ஏற்பாடும் உடன் வந்தது. 2023இல் விகிதம் 35 விழுக்காட்டைத் தாண்டியது. சட்டம் ஒன்றே இதனைச் செய்தது என்று கூற மாட்டோம். ஆனால் வாசலுக்கே லாரி வரும்போது, 'எங்கே கொண்டு போவது?' என்ற கேள்விக்கு இடமில்லாமற் போகிறது.

காசின் ஆற்றலையும் குறைத்து மதிப்பதற்கில்லை. பினாங்கு மாநிலத்தில் 2011 ஜனவரி முதல் கடைகளில் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைக்கவில்லை. பை ஒன்றுக்கு 20 காசு கேட்டார்கள். அயர்லாந்து நாட்டில் 2002இல் இத்தகைய கட்டணம் வந்தபோது, பைகளின் புழக்கம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. தொகை சிறிதுதான். ஆயினும் கைக்கு வரும் காசைவிடக் கையைவிட்டுப் போகும் காசு மனத்தை அதிகம் உறுத்துகிறது. துணிப்பையை மறவாமல் எடுத்துச் செல்ல அவ்வுறுத்தலே போதும்.

ஆனால் காசை மட்டும் நம்பினால், விலை இறங்கும் நாளில் பழக்கமும் நின்றுவிடும். அலுமினிய டின்னுக்கு விலை கிடைக்கும். பழைய கண்ணாடிப் போத்தலைப் 'பேப்பர் லாமா' லாரிக்காரர் பெரும்பாலும் ஏறெடுத்தும் பாரார். அங்கே பழக்கத்தைத் தாங்குவது அண்டை வீட்டார் செய்வதைக் காண்பதே. 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. தங்கும் விடுதி ஒன்றின் அறைகளில், துண்டுகளை மறுநாளும் பயன்படுத்துமாறு கேட்டு அட்டை வைத்தார்கள். 'சுற்றுச்சூழலைக் காப்பீர்' என்ற அட்டைக்கு ஏறத்தாழ 35 விழுக்காட்டினரே இணங்கினர். 'இங்குத் தங்குவோரில் பெரும்பாலோர் இவ்வாறே செய்கின்றனர்' என்ற அட்டைக்கு இணங்கியோர் 44 விழுக்காட்டினர். உலகைக் காக்கும் பெருங்கடமையைவிட, அடுத்த அறைக்காரர் செய்தார் என்ற செய்தி வலியதாயிற்று!

லய வாழ்வில் இது இன்னும் எளிது. யார் வீட்டில் என்ன சமையல் என்பதே மறைவதில்லையே.

அச்சமும் ஒரு தூண்டுகோலே. வீசிய டின்னில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும். டெங்கிக் காய்ச்சல் லயத்துக்குள் புகும். வெட்டாமல் விடும் மரத்தின் மங்கை இதற்காகவே கவிழ்த்து வைக்கிறோம். குழியிலுள்ள டின்னை யார் கவிழ்ப்பது?

ஒன்றைத் தயங்காமல் கூற வேண்டும். வீட்டுக் குப்பையைப் பிரிக்கும் வேலை தாய்மார்களின் தலையிலேயே விழுகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டித் திரும்பும் பெண்ணிடம் 'இதையும் செய்' என்றால், இரண்டு வாரத்தில் அவ்வேற்பாடு படுத்துவிடும். பிள்ளைகள் டின்னை நசுக்கட்டும். ஆண்கள் சாக்கைக் கட்டித் தூக்கட்டும்.

பல தோட்டங்களுக்குள் ஊராட்சி மன்ற லாரி வருவதில்லை. ஆகவே இடத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். பெரட்டுக்களத்து ஓரத்தில், நாள்தோறும் எல்லாரும் கடந்து செல்லும் வழியில், கூரைக்கு அடியில் மூன்று சாக்குகளைத் தொங்கவிடலாம்: தாளுக்கு ஒன்று, டின்னுக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று. விற்ற தொகை கோயிலுக்கா, பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்துக்கா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, மாதந்தோறும் கணக்கை அங்கேயே எழுதி ஒட்டுதல் நன்று. சாக்கை யார் கட்டுவது, லாரிக்காரரை எந்த நாளில் வரச் சொல்வது என்பவற்றை, அடுத்த சம்பள நாளன்று எல்லாரும் கூடியிருக்கும்போதே பேசி முடித்துவிடலாம்.