குலுக்கலை நம்பாதீர், கல்வியை நம்புவீர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)

 

வெளிநாட்டு வேலை பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். காலத்திற்கு ஏற்ற பொருள்தான். மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் பூமி பெரம்பலூர். சுண்ணாம்புக் கல்லும் முந்திரியும் தரும் பூமி அரியலூர். சிமெண்டு ஆலைகள் பல எழுந்த பின்னும், நிலமில்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கு நிலையான வேலை எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அவன் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிறான். அதற்கும் அப்பால் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போக விரும்புகிறான். அந்த விருப்பத்தை நான் குறை கூற வரவில்லை. நம் மக்கள் ஊரை விட்டுப் போவதில் கூலிக் கணக்கோடு இன்னொன்றும் கலந்திருக்கிறது. பெயரைச் சொன்னவுடன் 'எந்தத் தெரு?' என்று கேட்காத ஓர் இடத்தில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஏக்கமே அது.

இந்த ஏக்கம் நேற்றுப் பிறந்ததன்று. 1860ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று. அதற்கும் முன்பே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆட்கள் போயினர். இவ்விரு மாவட்டங்களும் அடங்கியிருந்த அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம், இலங்கைக்கு மிகுதியாக ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. போனவர்களில் பெரும் பங்கினர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்களே.

அவர்களை அழைத்துப் போனவன் கங்காணி. அவன் முதலில் கொடுத்தது முன்பணம். அந்த முன்பணமே கடனாயிற்று. கடனே காலில் தளையாயிற்று. இலங்கையில் ஒரு தோட்டத்திலிருந்து வேறொரு தோட்டத்திற்கு மாற வேண்டுமானால், கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய துரை அக்கடனைத் தீர்த்தால்தான் தொழிலாளிக்கு விடுதலை. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும் என்றனர். 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். மனிதர்களைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். அந்த மனிதர்களைக் கேட்டவர் இல்லை.

அதே கடலைக் கடந்து வேறு விதமாகத் திரும்பியவர்களும் நம்மிடையே உண்டு. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் திரும்பி, 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமையைப் பேசினார். அவரோடு அம்மாநாட்டில் அமர்ந்த அண்ணல் அம்பேத்கர், 1913ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குப் போனவர். கங்காணியின் முன்பணத்தோடு போனவனும் கல்வியின் துணையோடு போனவனும் கடந்தது ஒரே கடல்தான். திரும்பி வந்தபோது இருவர் நிலையும் ஒன்றாக இல்லை.

இளைஞர்களே! இன்று கங்காணி வேறு உடையில் வருகிறான். சிலரிடம் அவன், 'அமெரிக்க விசாக் குலுக்கலில் உன் பெயர் விழுந்துவிட்டது. பணம் கட்டு' என்கிறான். உண்மை என்ன? 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி அத்தகைய குலுக்கல் ஒன்று ஏற்பட்டது. ஆனால் ஐந்தாண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறிய நாட்டாருக்கு அதில் இடமில்லை என்பது அதன் விதி. அவ்விதியால், 1995ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோதே இந்தியா விலக்கப்பட்டது. நுழையவே முடியாத குலுக்கலில் நம் பெயர் எப்படி விழும்? மென்பொருள் வேலைக்கான எச்-1பி விசாவிலும் ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பும், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்க்கு மேலும் 20,000 என்ற வரம்பும் உண்டு. விண்ணப்பம் மிகுந்தபோது கணினியே குலுக்கி எடுத்தது. ஆனால் அதற்கு விண்ணப்பிப்பது வேலை தரும் நிறுவனம். தனி மனிதன் காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் இடம் அதுவன்று.

வளைகுடா செல்வோர்க்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் காவலாக இயற்றப்பட்டது. ஆள் அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 'சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறேன்' என்று ஒருவன் சொன்னால், அவன் உங்களை இக்காவலுக்கு வெளியே தள்ளுகிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை இலட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி முகவரிடம் கொடுத்தால், மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். ஈராண்டு ஒப்பந்தம் முடிவதற்குள் வட்டியே 1,08,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். பாட்டன் பட்ட முன்பணக் கடனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தாயின் தாலியும் அரைக் காணி நிலமும் அடகில் இருக்கும் வரை, அங்கே கொடுமை நேர்ந்தாலும் பிள்ளை வாய் திறக்க மாட்டான். வேலையை விட்டு வரவும் மாட்டான்.

இன்னொன்றையும் கூற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காகக் குறிப்பிட்ட சில நாடுகளுக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். தேறியவர்க்கு அது வேண்டியதில்லை. ஒரு தேர்வு கடவுச்சீட்டின் தன்மையையே மாற்றிவிடுகிறது! ஆயினும், படித்தவனுக்கு அரசின் சோதனை இல்லையாதலால் அவன் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினர். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். ஆகவே படிப்பு வேண்டும். படித்த கண்ணால் ஒப்பந்தத்தை வரிவரியாக ஆராயும் பழக்கமும் வேண்டும்.

இச்சங்கத்திற்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, வெளிநாடு செல்லும் எவரும் பணம் கட்டுமுன் தாள்களைச் சங்கத்திற்குக் கொண்டுவரட்டும். முகவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நம் பட்டதாரிகள் சரிபார்த்துச் சொல்லட்டும். இரண்டாவது, 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்; தொழிற்பயிற்சியும் செவிலியர் படிப்பும் முடித்த நம் பிள்ளைகள் அதில் பதிவு செய்யட்டும். மூன்றாவது, தாழ்த்தப்பட்ட மாணவர் வெளிநாட்டில் உயர்கல்வி பெற மத்திய அரசு 1954-55 முதல் வழங்கிவரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பற்றி, கல்லூரியில் கால் வைக்கும் நாளிலேயே நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குலுக்கலில் வெல்பவன் ஒருவன். அவனுக்காகக் கட்டணம் கட்டித் தோற்பவர் ஆயிரவர். பள்ளிக்கூடத்திலோ, தேறிய ஒருவனைக் கண்டு தெருவே படிக்கத் தொடங்கும். 25 ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவரும் பணி அதுவே. போக விரும்புவோர் போங்கள்; கடனாளியாகப் போகாதீர்கள், கற்றவராகப் போங்கள்.